கேட்க முடியவில்லை

நான்காவது ரவுண்டில் பச்சை நிக்கர்க்காரன் ஒரு நல்ல குத்து விட்டான். அது எதிராளியின் தாடையில் போய் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் மூன்று குத்து விழுந்தது.

டொம், டொம், டொம்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த நூலகர் மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார். டி.வி.க்கு முதுகைக் காட்டியபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, திரும்பாமலே கேட்டார்.

"என்ன ஆச்சு? யாரு விழுந்தா?"

"யாரும் விழல. பக்கத்து வீட்ல சுவத்தைத் தட்டுறாங்க."

"எதுக்கு?"

"எதுக்குத் தட்டுவாங்க? சத்தம் போடாதேன்னுதான்."

"இன்னிக்கு நீங்க போட்ட சத்தம் எனக்கே சரியா விளங்கல. தொண்டைதான் கட்டியிருக்கே."

நூலகரின் கவலையும் அதுதான். தொண்டை கட்டிய அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தட்டுத் தட்டுகிறார் என்றால், தொண்டை நன்றாக இருந்த வாரங்களில் எல்லாம் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். மூன்று மாதக் கோபம் சேர்ந்து இன்றைக்குச் சுவருக்கு வந்திருக்கிறது.

சத்தத்தைப் பற்றி நூலகருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. திங்கள் முதல் சனி வரை அவர் வேலையே சத்தத்தை அடக்குவதுதான். பொது நூலகத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் "உஷ்". தும்மினால் "உஷ்". அவரே ஒரு தடவை தும்மிவிட்டுத் தனக்குத்தானே "உஷ்" சொல்லிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாசகர்கள் அவருக்கு 'உஷ்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஆறு நாளும் அடக்கி வைத்தது ஏழாம் நாள் வெளியே வந்தாக வேண்டும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டி.வி.யில் குத்துச்சண்டை. பத்து மணிக்கு நூலகர் வேறு மனிதர். "கையைத் தூக்குடா, தாடை தெரியுது பார்" என்று அவர் ஆரம்பித்தால், கடைசி மணி அடிக்கும் வரை ஓயமாட்டார்.

ஆனால் அவர் சும்மா கத்துகிறவர் இல்லை. ஒரு அடி விடாமல் விவரமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குக் காரணம் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு ரத்தம் ஆகாது. பார்த்தால் தலை சுற்றும். பார்க்கவும் முடியாது, என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்கவும் முடியாது. டி.வி.யில் பேசுகிறவர்களோ வேகவேகமாக இங்கிலீஷில் பேசுவார்கள். அவர்கள் மூச்சு விடுவது மட்டும்தான் இந்த வீட்டில் புரியும். அதனால் அவர் முதுகைக் காட்டி இஸ்திரி போடுவார், இவர் முகத்தைக் காட்டிக் கதை சொல்லுவார். "இப்ப மூலையில மாட்டிக்கிட்டான். வலது ஒண்ணு, இடது ஒண்ணு, விலாவுல ஒண்ணு. அய்யோ, குனிஞ்சு தப்பிச்சுட்டான்." ஒரு ஆட்டம் முடிவதற்குள் வாரத்துக்கு வேண்டிய சட்டைகள் எல்லாம் தயாராகிவிடும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்யும் காரியங்களில் இது ஒன்றுதான் குறையாமல் நடந்துவந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் நிஜச் சண்டை போடத் தெரிந்தவர் அந்த அம்மாள்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குறுக்கே வந்த லாரிக்காரனை வண்டியை விட்டு இறங்கவைத்து, வேனில் இருந்த பதினாலு பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கவைத்தவர். நூலகரோ, மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கடைக்காரரிடம் கேட்காமல் வந்துவிடுவார்.

"இவனுங்களுக்குள்ள என்னதாங்க தகராறு?" என்று அந்த அம்மாள் அடிக்கடி கேட்பார்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லாமயா மூக்கை உடைச்சுக்கிறாங்க?"

"ஒண்ணும் இல்லாததாலதான் பாக்க முடியுது. ஒரு மணி இருக்கு, ஒரு நடுவர் இருக்காரு, இடுப்புக்குக் கீழ அடிக்கக் கூடாது. மூணு நிமிஷம் ஆனா உக்கார முக்காலி, குடிக்கத் தண்ணி. எல்லாம் முடிஞ்சதும் கட்டிப்பிடிச்சுக்குவாங்க. வெளியில நடக்குற சண்டையில இதெல்லாம் எங்க இருக்கு?"

இப்போது அந்த வெளியில் நடக்கிற சண்டை சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தது. நூலகர் டி.வி. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். குரலை மனைவியின் காது வரைக்கும் மட்டும் போகிற அளவுக்கு இறக்கினார்.

டொம், டொம், டொம், டொம், டொம், டொம்.

"ஆறாயிருச்சு" என்றார் மனைவி. "நான் போய் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டா?"

"வேணாம் வேணாம். நீ ஒரு வார்த்தை கேக்கப் போனா அது ஒரு வார்த்தையோட நிக்காது."

நூலகர் டி.வி.யை அணைத்தார். சுவர் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டு அடங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நூலகர் அவரை நேருக்கு நேர் பார்த்தது ஒரே ஒரு தடவை, மாடிப்படியில். ஆறடிக்கு மேல் உயரம், தோளும் கழுத்தும் ஒன்றாகிப்போன உடம்பு. நூலகர் ஓரமாக ஒதுங்கி நின்று, இருக்கிற பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். அந்த முகத்தில் ஒரு அசைவு இல்லை. நூலகரின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி இறங்கிப் போய்விட்டார். கூட வந்த அவர் மனைவி, அவர் கையை முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்திருந்தார். விட்டால் யாரையாவது அடித்துவிடுவார் போலிருக்கிறது என்று நூலகர் அன்றைக்கே வீட்டில் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, கதவுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. அழகான கையெழுத்து.

'ஞாயிறு காலை உங்கள் வீட்டுச் சத்தம் கேட்க முடியவில்லை. தயவுசெய்து கொஞ்சம் பார்த்துச் செய்யவும். பக்கத்து வீடு.'

நூலகர் நின்ற இடத்திலேயே அதை இரண்டு தடவை படித்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் மனைவி.

"நாசூக்கா எழுதியிருக்காங்க. நம்ம சத்தத்தைக் கேக்க முடியலையாம். சகிக்கலையாம்."

"சகிக்கலைன்னா எழுதியிருக்கு?"

"அதுக்கு அர்த்தம் அதுதான். முப்பது வருஷமா புஸ்தகத்தோட குப்பை கொட்டுறேன், ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதா எனக்கு?"

அந்த வாரம் முழுக்க நூலகர் ஏற்பாடுகளில் இறங்கினார். டி.வி.யை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். தட்டுகிற சுவரில் இரண்டு மெத்தைகளைத் தூக்கி நிறுத்தினார். மெத்தை சரியாமல் இருக்கப் புத்தக அலமாரியை நகர்த்தி அண்டக் கொடுத்தார். அலமாரி நகர்ந்ததில் ஜன்னல் பாதி மூடிப்போய், வீட்டில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. மெத்தைகள் சுவருக்குப் போய்விட்டதால் கணவனும் மனைவியும் ஆறு நாள் பாயில் படுத்தார்கள்.

"அவருக்குக் கேக்காம இருக்கணும்னு நமக்கு முதுகு போச்சு" என்றார் மனைவி.

"ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. பதினாலு வருஷமா பாத்துட்டு இருக்கேன். அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு கிழவனோட கடைசி ஆட்டம். அதை மட்டும் நிம்மதியா பாத்துட்டா போதும்."

கிழவன் என்பது நூலகர் வைத்த பெயர். அந்த வீரனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் நூலகரின் வாயில் நுழையவில்லை. அவனுக்கு முப்பத்தெட்டு வயதுதான், ஆனால் அந்தத் தொழிலில் அது கிழட்டு வயது. இந்த உலகத்தில் அவனைக் கிழவன் என்று கூப்பிட்டது இந்த ஒரு வீடுதான். கடைசி ஆட்டத்தில் அவனை எதிர்க்கப் போகிற இருபத்துமூன்று வயதுக்காரனுக்கு 'பொடியன்' என்று பெயர் வைத்ததும் இந்த வீடுதான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை யார் யாரோ மோதினார்கள். நூலகர் கிசுகிசுத்த குரலில் கதை சொன்னார். முதல் ரவுண்டு முழுக்கச் சுவரில் சத்தமே இல்லை.

"பாத்தியா? மெத்தை வேலை செய்யுது."

இரண்டாவது ரவுண்டில் சுவர் அதிர்ந்தது. இப்போது கை இல்லை, ஏதோ பாத்திரம். அலமாரியிலிருந்து மூன்று புத்தகங்கள் விழுந்தன. ஒரு மெத்தை மெல்லச் சரிந்து இஸ்திரி மேஜையின் மேல் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் என்னவோ சொன்னது. மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவில் வந்து சேர்ந்தது "சத்தம்" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

நூலகர் டி.வி.யை அணைத்தார். அன்றைக்கு ஆறு சட்டைகள் கசங்கியபடியே பெட்டிக்குள் போயின.

"நீங்க சொல்லாம எனக்குக் கை ஓடல" என்றார் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னார். நூலகருக்குத்தான் அது போய் எங்கேயோ பட்டது.

செவ்வாய்க்கிழமை கட்டிடத்துக் காவலாளி படியில் மறித்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க, பக்கத்து வீட்டம்மா. போன ஞாயித்துக்கிழமை சுத்தமா கேக்க முடியலையாம்."

"சுத்தமாவா?"

"சுத்தமா. அப்படித்தான் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை காலையில அந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. அவரு மட்டும் வீட்ல தனியா இருக்காரு. பாவம், ரொம்பக் கஷ்டப்படுறாருன்னாங்க."

தடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை என்பது நூலகருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவரு என்ன வேலைங்க பாக்குறாரு?"

"இப்ப ஒண்ணும் இல்ல சார். அந்தக் காலத்துல குத்துச்சண்டைக்காரராம்." காவலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாப்பது ஐம்பது பேரைச் சாச்சிருக்காராம்."

நூலகர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பதினாலு வருஷமாக அவர் ஆசைஆசையாகப் பார்த்த ஒன்று, கண்ணாடித் திரையை விட்டு இறங்கி வந்து பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தது. திரையில் பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்தது அந்த வலது கை.

"இனிமே எங்க வீட்லேருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வராதுன்னு சொல்லிருங்க. சத்தியமா வராதுன்னு சொல்லுங்க."

காவலாளி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

"சொன்னேன் சார். அதைக் கேட்டதும் அந்தம்மா முகம் சுண்டிப்போச்சு. உள்ள போய் அவருகிட்ட சொன்னாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு அப்படியே எந்திரிச்சுட்டாரு."

சோறுகூட இறங்காத அளவுக்குக் கோபம் என்றால் அது எப்படிப்பட்ட கோபம் என்று நூலகர் அன்றிரவு பாயில் படுத்துக்கொண்டு யோசித்தார்.

அதற்கப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு தடவை வந்து அழைப்பு மணியை அடித்தார். கதவில் இருந்த துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு நூலகர் இரண்டு தடவையும் திறக்கவில்லை. இரண்டாவது தடவை, துவாரம் வழியாகத் தன் கண் தெரிந்துவிடுமோ என்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை நூலகத்திலேயே ஒரு நிஜச் சண்டை வந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கும் இரும்புக்கடைக்காரருக்கும் செய்தித்தாளின் நடுப் பக்கத்துக்காகத் தகராறு. குறுக்கெழுத்துப் புதிர் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. முதலில் ஆளுக்கொரு நுனி இழுத்தார்கள். அது கிழிந்ததும் சட்டையைப் பிடித்தார்கள். குடை வந்தது. அப்பனும் ஆத்தாளும் பேச்சில் வந்தார்கள். நூலகர் வரலாற்று அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு "உஷ், உஷ்" என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. காலடி அழகு இல்லை, குனிந்து தப்பிப்பது இல்லை. இரண்டு வயதான மனிதர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். வாத்தியாரின் கண்ணாடி கீழே விழுந்து யாரோ மிதித்தார்கள். நூலகருக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மேஜைக்கு ஓடி, நூலகம் மூடுகிற நேரத்தில் அடிக்கும் வெண்கல மணியை எடுத்து அடித்தார். மணி பதினொன்றரை. இருவரும் சட்டென்று பிடியை விட்டார்கள். பதினைந்து வருஷமாக அந்த மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போனவர்கள். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டார், இரும்புக்கடைக்காரர் கீழே குனிந்து வாத்தியாரின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார். அவர்களோடு மற்ற வாசகர்களும் எழுந்து போய்விட்டார்கள். காலை பதினொன்றரைக்கு நூலகத்தில் நூலகர் ஒருத்தர் மட்டும் மிச்சம்.

காலியான நூலகத்தில் அவர் விளையாட்டுப் பிரிவுக்குப் போய், குத்துச்சண்டை பழகுவது எப்படி என்று சொல்லும் ஒரு புத்தகத்தை எடுத்தார். முதல் அத்தியாயத்தில் மூன்று மாதம் கயிறு தாண்டச் சொல்லியிருந்தது. அவர் கையில் மூன்று நாள்தான் இருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தார்.

கடைசி ஆட்டத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு நூலகர் டி.வி.யின் சத்தத்தை மொத்தமாக ஊமையாக்கினார். நூலகத்தில் கழித்துப்போட்ட பழைய அட்டவணை அட்டைகளில் ஒரு கட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எதுக்கு?" என்று மனைவி கேட்டார்.

நூலகர் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். பிறகு ஒரு அட்டையில் எழுதி நீட்டினார். 'வாயால் சொல்லமாட்டேன். எழுதித் தருகிறேன்.'

"நம்ம வீட்ல நாம பேசக் கூடாதா?" என்றார் மனைவி, ரகசியக் குரலில்.

'இன்னிக்கு மட்டும்' என்று அடுத்த அட்டை வந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. நூலகர் எழுதி எழுதி நீட்டினார். மனைவி ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் ஒரு கையில் அட்டையுமாகப் படித்தார். 'கிழவன் நல்லா ஆடுறான்.' 'பொடியன் சுத்திச் சுத்தி வர்றான்.' ரவுண்டுகள் ஏற ஏற எழுத நேரமில்லை. 'பொ. இடது. கி. மூக்கு' என்று ஒரு அட்டை வந்தது.

"கிழவன் மூக்குக்கு என்ன?"

'ரத்தம்' என்று எழுதப்போய், அது மனைவிக்கு ஆகாதே என்று அடித்துவிட்டு, 'ஜலதோஷம்' என்று எழுதினார். இதை எழுதுவதற்குள் திரையில் பாதி ரவுண்டு போய்விட்டது. ஜலதோஷத்துக்கு என்ன அர்த்தம் என்று மனைவி யோசித்துக்கொண்டிருந்ததில் நீலச் சட்டையின் முதுகு பொசுங்கியது.

இவ்வளவு செய்தும் சுவர் சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் கையால் தட்டியது. ஏழாவது ரவுண்டில் பாத்திரத்தால் தட்டியது. ஒன்பதாவதில் இரண்டும் சேர்ந்து வந்தன. ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லாத வீட்டைப் பார்த்து ஒரு மனிதர் எதற்காக இப்படி இடிக்கிறார் என்று நூலகருக்கு விளங்கவே இல்லை. நாம் உயிரோடு இருப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி, மனைவிக்குக் கொடுக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பத்தாவது ரவுண்டில் தட்டுவது நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினோராவது ரவுண்டு முடியப் பத்து வினாடி இருக்கும்போது பொடியனின் வலது கை எங்கிருந்தோ வந்தது. கிழவன் விழுந்தான். நூலகர் வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. நடுவர் விரலை மடக்கி எண்ணினார். ஆறு. ஏழு. எட்டில் கிழவன் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றான். ரவுண்டு முடிந்தது. அவனை முக்காலியில் உட்காரவைத்தார்கள். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. அவன் எழுந்து வருவானா என்று நடுவரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நூலகர் அட்டையை எடுத்தார். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு நிமிஷத்தை அவர் மனைவியிடம் சொல்லாமல் இருந்ததே இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கனமான காலடிகள். அழைப்பு மணி அடித்தது.

மனைவி இஸ்திரிப் பெட்டியோடு திரும்பினார்.

"நான் போறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்."

"நீ இரு" என்றார் நூலகர். மூன்று ஞாயிறுகளில் முதல் தடவையாக அது அவருடைய சொந்தக் குரலில் வந்தது. "நான் போறேன்."

"நீங்களா?"

"அந்த ஆளு முன்னாடி நீ போய் நின்னு, உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் நான் யாருக்குக் கதை சொல்றது?"

மனைவி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டடி பின்னால் கூடவே வந்தார்.

நூலகர் கதவைத் திறந்தார். வாசல் முழுக்க அந்த மனிதர் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டார் போலிருக்கிறது, அதே மாதிரி முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தபடி. நூலகரின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே மேலே எழுந்தன. இடது முன்னால், வலது தாடைக்குப் பக்கத்தில். ஊரில் உள்ள வீரர்களுக்கெல்லாம் அவர் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது.

அந்த மனிதர் நூலகரின் கைகளைக் கொஞ்சமும் சட்டை செய்யவில்லை. மாடிப்படியில் பார்த்தது போலவே தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார். அவர் மனைவிதான் கைகளைப் பார்த்தார்.

"கையில ஏதும் அடிபட்டுருச்சுங்களா?" என்று விசாரித்தார்.

நூலகர் கைகளை இறக்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு ஒரு சத்தமும் போடல. டி.வி.யைக்கூட ஊமையாத்தான் வெச்சிருக்கேன். சுவத்துல மெத்தை வெச்சிருக்கேன். வேணும்னா உள்ள வந்து பாருங்க. எல்லாத்தையும் எழுதித்தான் காட்டிட்டு இருக்கேன், இவகிட்ட வேணா கேளுங்க."

"ஏன்?" என்றார் அந்த மனிதர்.

அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நூலகர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவரின் குரலாக அது இல்லை. பின்னால், ஊமை டி.வி.யில், கடைசி ரவுண்டுக்காக முக்காலியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்னா, சத்தம் கேக்க முடியலன்னு நீங்கதான..."

பக்கத்து வீட்டு அம்மாள் அவரை முடிக்க விடவில்லை.

"கேக்க முடியலன்னு எழுதியும் போட்டேன், ஆள்கிட்ட சொல்லியும் அனுப்பினேன், நீங்க என்னடான்னா வாரா வாரம் குறைச்சுக்கிட்டே போறீங்க, கண்ணு போனப்புறம் இந்த மனுஷன் ஆட்டம் பாக்குறதே உங்க வாயாலதாங்க, இப்ப நம்ம கிழவன் நிக்கிறானா விழுந்துட்டானா, அதை முதல்ல சத்தமாச் சொல்லுங்க."